கே. பி. சுந்தராம்பாள்: டர்பன் தமிழ் வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமை தோறும் நடக்கும் எங்கள் தமிழ் வகுப்பில் ஆத்திசூடி தொடங்கிய இரண்டாவது வாரமே, ஔவையார் எப்படி இருப்பார் என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்டுவிடும். நெற்றி நிறைய நீறும் கையில் கோலும் வெள்ளைப் புடவையுமாக நிற்கும் ஒரு பாட்டியின் படத்தைக் காட்டுவேன். அது ஔவையார் அல்லர், ஔவையாராக நடித்த கொடுமுடி சுந்தராம்பாள் என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். பிள்ளைகளும், அவர்களை அழைத்துவந்து வாசலில் காத்திருக்கும் பெற்றோரும், சில வேளைகளில் ஆயாக்களும் கேட்ட கேள்விகளில், திரும்பத் திரும்ப வருபவற்றை மட்டும் இங்கே விடைகளோடு எழுதிவைக்கிறேன்.

காவடி எடுக்கும் நாளில் கோயில் ஒலிபெருக்கியில் ஒலிக்கும் அந்தக் கனத்த குரல் ஆணுடையதா, பெண்ணுடையதா?

பெண்ணுடையதுதான். தைப்பூசக் காவடிக்கும் சித்திரைக் காவடிக்கும் இங்குள்ள முருகன் கோயில்களில் போடப்படும் பாடல்களில், முருகனைப் பழமே என்று அழைத்துத் தொடங்கும் பாடல் சுந்தராம்பாள் பாடியது. 1965இல் ஏ. பி. நாகராஜன் இயக்கத்தில் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தில், கோபித்துக்கொண்டு பழனிக்குப் போன முருகனைச் சமாதானப்படுத்த ஔவையாராக வந்து அவர் பாடுகிறார். சந்தேகம் எழுவதில் வியப்பில்லை. நாம் கேட்டுப் பழகிய திரைப்பாடகியரின் குரல் மெல்லியது, மைக்குக்கு மிக அருகில் நின்று பாடப்படுவது. சுந்தராம்பாளின் குரலோ மைக் இல்லாத மேடையில், கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் சிதையாமல் போய்ச் சேர வேண்டும் என்று பழக்கப்பட்டது. தொண்டையிலிருந்து வரும் குரல் அல்ல, அடிவயிற்றிலிருந்து வரும் குரல். மேல் ஸ்தாயியில் நிற்கும்போதும் அது இழைவதில்லை, கம்பி போல நிற்கும்.

அவர் எங்கே, எப்போது பிறந்தார்?

தமிழ்நாட்டின் இன்றைய ஈரோடு மாவட்டத்தில், காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிறந்தார். தாயார் பாலாம்பாள். பெயருக்கு முன்னால் உள்ள 'கே' கொடுமுடியையும், 'பி' தாயின் பெயரையும் குறிக்கும். தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் வழக்கத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது புதுமையாக இருக்கிறது. குடும்பம் வறுமையில் இருந்தது, பள்ளிப்படிப்பு மிகக் குறைவு.

மேடைக்கு எப்படி வந்தார்?

இதை இரண்டு விதமாகச் சொல்வார்கள். ரயிலில் பாடிக் காசு பெற்றுக்கொண்டிருந்த பெண்ணின் குரலைக் கேட்டு, நாடகப் பற்று மிகுந்த ரயில்வே அதிகாரி எப். ஜி. நடேச ஐயர் அவரை மேடைக்கு அழைத்துவந்தார் என்பது ஒன்று. அண்டை வீட்டுக் காவல்துறை அதிகாரி ஒருவர் அந்தக் காலத்தின் பெரிய நாடகக்காரரான பி. எஸ். வேலு நாயரிடம் சேர்த்துவிட்டார் என்பது மற்றொன்று. எதை எடுத்துக்கொண்டாலும், பாட்டைக் கேட்டுத்தான் அவரை மேடை ஏற்றினார்கள், நடிப்பைப் பார்த்து அல்ல. சிறுவர் வேடங்களில் தொடங்கிய அவர், இருபது வயதாகும் முன்பே இலங்கை வரை பெயர் தெரிந்த நடிகையாகிவிட்டார்.

அந்தக் காலத்து நாடகம் எப்படி இருந்தது? நம் ஊர்த் தெருக்கூத்து போலவா?

ஓரளவுக்கு உறவு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் கொண்டுவந்த தெருக்கூத்தை நாம் இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று அழைக்கிறோம். கோயில் வாசலில் இரவு முழுவதும் ஆடுவது அது. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுவார்கள். சுந்தராம்பாள் வளர்ந்தது, சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய பாட்டு நாடகங்களை மையமாகக் கொண்ட கொட்டகை மேடையில். அதிலும் அவர் பெயர் பெற்றது 'ஸ்பெஷல் நாடகம்' என்ற முறையில்தான்.

ஸ்பெஷல் நாடகத்துக்கு நிலையான குழு கிடையாது. 'வள்ளி திருமணம்' இன்ன ஊரில் இன்ன இரவு என்று ஒப்பந்தக்காரர் விளம்பரம் செய்துவிடுவார். ராஜபார்ட் எனப்படும் நாயகன் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் எனப்படும் நாயகி இன்னோர் ஊரிலிருந்தும், பபூன் எனப்படும் கோமாளி வேறோர் ஊரிலிருந்தும் அன்று மாலை வந்து இறங்குவார்கள். ஒத்திகை இராது. பாடலும் கதையும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால், மேடையில் நேருக்கு நேர் நின்ற பிறகுதான் போட்டியே தொடங்கும். ஒருவர் ஒரு ராகத்தில் கேள்வி கேட்டால் மற்றவர் அதே ராகத்தில், அதே சுருதியில், உடனே விடை பாட வேண்டும். தினைப்புனத்தில் நிற்கும் வள்ளியிடம் வேலன் வழி கேட்டுப் பேச்சுக் கொடுக்கும் காட்சி மட்டும் பாட்டும் வாதமுமாக நெடுநேரம் நீளும். நடு இரவில் ஒரு பாட்டு பிடித்துப்போனால் 'ஒன்ஸ்மோர்' என்ற கூச்சல் எழும், கதை அங்கேயே நிற்கும், பாட்டு மறுபடி தொடங்கும். கால் ஹார்மோனியக்காரர் ஓர் ஓரத்தில் அமர்ந்து இதையெல்லாம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பார்.

இந்தப் பயிற்சியை நான் சற்று விரிவாகவே சொல்வேன். படத்தில் சுந்தராம்பாள் வசனம் பேசிக்கொண்டே பாட்டுக்குள் நுழையும் இடங்களைப் பார்த்த பிள்ளைகள், பேச்சு எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை என்பார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் அந்த எல்லைக்கோடு இருந்ததே இல்லை.

எஸ். ஜி. கிட்டப்பா யார்?

செங்கோட்டையில் 1906இல் பிறந்த கிட்டப்பா, அந்நாளைய தமிழ் மேடையின் மிகப் பெரிய பாடகர்-நடிகர். 1926இல் இலங்கையில் நாடகம் நடத்தியபோது சுந்தராம்பாளும் அவரும் இணைந்து நடிக்கத் தொடங்கினார்கள். கிட்டப்பாவுக்கு ஈடுகொடுத்துப் பாட யாரும் இல்லை என்ற பேச்சு இருந்த காலத்தில், சளைக்காமல் எதிர்நின்று பாடிய பெண் என்று சுந்தராம்பாளைப் பார்க்கக் கூட்டம் திரண்டது. 1927இல் இருவரும் மணந்துகொண்டார்கள். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். சாதியும் வேறு. வாழ்க்கை எளிதாக இருக்கவில்லை. பிறந்த குழந்தை தங்கவில்லை, இடையில் பிரிவும் வந்தது. அந்தப் பிரிவின்போது சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சில் வந்து பலரும் படித்தவை. கோபமும் மரியாதையும் கெஞ்சலும் ஒரே கடிதத்தில் இருக்கும்.

1933 டிசம்பர் 2ஆம் தேதி கிட்டப்பா இறந்தார். வயது இருபத்தேழு. பேசும் படம் தமிழில் வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. நமக்கு எஞ்சியிருப்பவை அவருடைய இசைத்தட்டுகள் மட்டுமே.

அம்மையார் ஏன் எப்போதும் வெள்ளைப் புடவையிலேயே இருக்கிறார்?

கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து வயது. அன்று முதல் அவர் வெள்ளைக் கதரைத் தவிர வேறு உடை உடுத்தவில்லை. அணிகலன்களை நீக்கினார். எந்த ஆண் நடிகருடனும் இனி ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்து, 1980இல் தாம் மறையும் வரை அதைக் காத்தார்.

இதைக் கணவர் மீதான பக்தி என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. கைம்பெண் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்த காலத்தில், அவர் விதவைக் கோலத்தை ஏற்றுக்கொண்டார், ஆனால் வீட்டுக்குள் இருக்க மறுத்தார். அந்த வெள்ளைப் புடவையோடே மேடையிலும் அரசியல் கூட்டத்திலும் சட்டமன்ற மேலவையிலும் வந்து நின்றார். யாரும் ஒரு சொல் சொல்ல முடியாத உடையாக அதை ஆக்கிக்கொண்டார் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு லட்சம் ரூபாய் வாங்கியது உண்மையா?

உண்மை. 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்துக்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அன்றைய இந்தியாவில் எந்த நடிகரும் வாங்கியிராத தொகை. கிட்டப்பா மறைந்த துயரத்தில் ஒதுங்கியிருந்தவரைத் தயாரிப்பாளர் அசன்தாஸ் விடாமல் கேட்டுக்கொண்டிருக்க, ஆளை அனுப்பிவிடலாம் என்று எண்ணி யாரும் தரமுடியாத தொகையாக ஒரு லட்சம் கேட்டாராம். தயாரிப்பாளரோ சரி என்று சொல்லிவிட்டார் என்பது இன்றும் சொல்லப்படும் கதை.

படத்தில் அவர் ஏற்றது நந்தனார் வேடம், அதாவது ஆண் வேடம். வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். படம் எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை. இந்தப் படத்தில் பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும்தான் நன்றாக நடித்திருக்கின்றன என்று கல்கி எழுதிய விமர்சனம், படத்தைவிட அதிகமாக நினைவில் நிற்கிறது.

அவர் நடித்த படங்கள் எத்தனை? ஏன் எல்லாமே சாமி படங்கள்?

ஐந்து பத்தாண்டுக் கலைவாழ்வில் அவர் நடித்த படங்கள் ஏறத்தாழ ஒரு டஜன்தான். 'பக்த நந்தனார்' (1935), 'மணிமேகலை' (1940), 'ஔவையார்' (1953), 'பூம்புகார்' (1964), 'திருவிளையாடல்' (1965), 'மகாகவி காளிதாஸ்' (1966), 'கந்தன் கருணை' (1967), 'துணைவன்' (1969), 'காரைக்கால் அம்மையார்' (1973), 'திருமலை தெய்வம்' (1973) ஆகியவை நினைவில் வைக்க வேண்டியவை. 'மணிமேகலை'க்கும் 'ஔவையா'ருக்கும் நடுவே பதின்மூன்று ஆண்டு இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். வாய்ப்பு வந்தால் போதும் என்று நடித்தவர் அல்லர்.

சாமி படங்கள் என்று சொல்வது பாதிதான் சரி. வேடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். மணிமேகலை, அரசகுமாரனின் காதலை மறுத்துத் துறவு பூண்டவள். ஔவை, மண வாழ்வு வேண்டாம் என்று பிள்ளையாரிடம் முதுமையை வரமாகக் கேட்டுப் பெற்றவள் என்கிறது கதை. 'பூம்புகா'ரில் அவர் ஏற்ற கவுந்தி அடிகள், சமணத் துறவி. காரைக்கால் அம்மையாரோ, கணவன் தன்னைத் தெய்வமாக எண்ணி விலகிய பின், அவனுக்காகத் தாங்கிய அழகு இனி வேண்டாம் என்று பேய் வடிவம் கேட்டு வாங்கியவர். அழகையும் இல்லறத்தையும் கழற்றி வைத்துவிட்டுச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்ட பெண்கள் இவர்கள் எல்லோரும். ஆண் ஜோடி இல்லாமல் ஒரு பெண் தமிழ்ப் படத்தின் நடுவில் நிற்க வேண்டுமானால் அதற்கு இருந்த கதைகள் இவைதாம். சுந்தராம்பாள் தம் விரதத்தை முறிக்காமல் நடிக்கக்கூடிய வேடங்களை நம் இலக்கியமும் புராணமும் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தன என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பைத் தருகிறது.

இருபத்தைந்து வயதில் வெள்ளை உடுத்திய பெண், முதுமையை வரமாகக் கேட்ட ஔவையாக நடிக்கும்போது அதற்கு நடிப்பு என்று பெயர் வைப்பது சற்றுக் கடினம். வகுப்பில் ஒரு பெண் பிள்ளை, "அப்படியானால் அவரும் பிள்ளையாரிடம் கேட்டாரா, சார்?" என்றாள். என்னிடம் அதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

'ஔவையார்' படம் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியுமா?

ஜெமினி ஸ்டுடியோவின் எஸ். எஸ். வாசன் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய படம். 1953 ஆகஸ்டு 15இல் வெளிவந்தது. இளம்பருவ ஔவையாகக் குசலகுமாரி நடித்தார். வரம் பெற்று மூதாட்டியான பிறகு திரையில் வருபவர் சுந்தராம்பாள். அப்போது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. பெருந்திரளான மக்களும் யானைகளும் நிறைந்த பிரம்மாண்டமான படம் அது. இருந்தாலும் மனத்தில் தங்குவது, கோலை ஊன்றியபடி வரும் அந்த ஒற்றை உருவமும், நிறுத்தி நிதானமாக அவர் உச்சரிக்கும் தமிழும்தான். 'ழ'வும் 'ற'வும் எங்கள் பிள்ளைகளின் நாவில் எளிதில் வருவதில்லை. அதற்காகவே இந்தப் படத்தின் சில பகுதிகளைப் போட்டுக் காட்டுகிறேன்.

பின்னர் 'திருவிளையாட'லிலும் 'கந்தன் கருணை'யிலும் மறுபடி ஔவையாகவே வந்தார். தமிழ் உலகம் ஔவையை நினைத்தால் அவர் முகமே வருவதற்குக் காரணம் இதுதான்.

'பூம்புகார்' படத்தில் பாட மறுத்தார் என்கிறார்களே?

மு. கருணாநிதி வசனம் எழுதிய படம் அது. நாத்திக இயக்கத்தைச் சேர்ந்தவரின் எழுத்தில், முருக பக்தையான சுந்தராம்பாள் நடித்தார் என்பதே அன்றைக்குப் பேச்சாக இருந்தது. சமணத் துறவிக்குத் திருநீறு பொருந்தாது, திருநீறு இல்லாத நெற்றியோடு கேமரா முன் வர அவருக்கு மனமில்லை. தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்பதாக அமைந்த ஓர் அடியை அப்படியே பாட மாட்டேன் என்று அவர் சொல்ல, தெய்வம் இங்கே வந்துவிட்டது என்ற பொருள்பட அது மாற்றப்பட்டது என்றும் சொல்வதுண்டு. எழுதியவரும் பாடியவரும் தத்தம் நம்பிக்கையை விடாமலே ஒரே பாட்டில் சேர்ந்திருக்கிறார்கள்.

காந்தியோடு அவருக்கு என்ன தொடர்பு?

காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் ஊக்கத்தால் அவர் விடுதலை இயக்க மேடைகளில் பாடினார், இசைத்தட்டுகளிலும் தேசியப் பாடல்களைப் பதிவு செய்தார். கூட்டம் சேர்க்க அவர் பெயர் ஒன்றே போதும் என்ற நிலை இருந்தது. காந்தி கொடுமுடியில் அவர் வீட்டுக்கு வந்தபோது தங்கத் தட்டில் உணவு பரிமாறினாராம். உணவு மட்டும்தானா, தட்டு இல்லையா என்று காந்தி கேட்க, தட்டையும் கொடுத்துவிட்டார், அது ஏலத்தில் விற்கப்பட்டு இயக்கத்துக்குப் போயிற்று என்பது தமிழ்நாட்டில் பலரும் அறிந்த கதை.

நமக்கு இந்தக் கதையில் ஒரு பழைய வாசனை உண்டு. 1901இல், டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியை விட்டுப் புறப்பட்ட காந்திக்கு நம் ஊர் இந்தியர்கள் பொன்னும் நகையுமாகப் பரிசளித்தபோது, கஸ்தூரிபாவின் மனத்தாங்கலையும் மீறி, அவை அனைத்தையும் சமூகப் பணிக்கென அறக்கட்டளையில் வைத்துவிட்டுப் போனவர் அவர். கொடுமுடித் தட்டும் அதே வழியில்தான் போயிருக்கிறது.

விடுதலைக்குப் பின் சுந்தராம்பாள் சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவையின் உறுப்பினரானார். இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் சென்ற முதல் திரைக்கலைஞர் என்று அவரைக் குறிப்பிடுவார்கள்.

என்ன விருதுகள் பெற்றார்?

1966இல் தமிழ் இசைச் சங்கத்தின் 'இசைப் பேரறிஞர்' பட்டம், 'துணைவன்' படப் பாடலுக்காக 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது, 1970இல் பத்மஸ்ரீ. அறுபது வயதைத் தாண்டியவருக்குப் பாடகி விருது கிடைத்தது என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எம். எஸ். சுப்புலட்சுமியும் இவரும் ஒருவரா?

இல்லை. எம். எஸ். மதுரையைச் சேர்ந்த கச்சேரிப் பாடகி, சில படங்களில் நடித்தார். சுந்தராம்பாள் கொடுமுடியைச் சேர்ந்த நாடகக் கலைஞர். ஒரே காலத்தவர்கள், வேறு வேறு உலகம்.

எங்கள் தாத்தா காலத்தில் இந்தப் பாட்டெல்லாம் இங்கே எப்படி வந்தது?

கப்பலில், இசைத்தட்டாகவும் படச்சுருளாகவும். இந்தியர்களின் நில உரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைத் தென்னாப்பிரிக்க அரசு கொண்டுவந்ததை எதிர்த்து, 1946இல் இந்தியா இந்நாட்டுடன் வணிகத்தை நிறுத்திக்கொண்டது. அந்தத் தடை 1990களின் தொடக்கம் வரை நீடித்ததால், 'ஔவையார்' முதலான அவருடைய பெரும்பாலான படங்கள் வெளிவந்த காலம் முழுவதும் நேர்வழி மூடிக்கிடந்தது. அதனால்தான் ஒரு வீட்டில் தட்டு இருந்தால் தெருவே அங்கே கூடியது. பின்னர் கேசட் வந்தது. எங்கள் வீட்டில் 'திருவிளையாடல்' ஒலிச்சித்திரக் கேசட் ஒன்று இருந்தது. ஓட்டி ஓட்டி நாடா இழுபட்டுப் போனதால் சுந்தராம்பாளின் குரல் இன்னும் கனமாக, ஒரு கட்டை கீழே இறங்கி ஒலிக்கும். பல ஆண்டுகள் கழித்து நல்ல பதிவைக் கேட்டபோது, இது வேறு யாரோ பாடியது என்று நான் வாதாடினேன்.

பிள்ளைகளுக்கு எந்தப் படத்தை முதலில் காட்டுவது?

'திருவிளையாடல்'. வண்ணப்படம், கதை விறுவிறுப்பாகப் போகும், அவர் வரும் பகுதி சிறியது. அது பிடித்த பிறகு 'ஔவையார்'. அது நீளமான கறுப்பு-வெள்ளைப் படம் என்பதால் ஒரே மூச்சில் காட்ட வேண்டாம். 'பூம்புகார்' சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு.

வீட்டில் அவருடைய பழைய இசைத்தட்டு இருக்கிறது. போட்டுக் கேட்கலாமா?

கறுத்து, கனமாக, ஒரு பக்கம் மூன்று நிமிடம் மட்டும் ஓடுவதாக இருந்தால் அது 78 சுற்று அரக்குத் தட்டு. எல்பி தட்டுக்கான ஊசியை அதன்மேல் வைக்காதீர்கள். 78 தட்டின் பள்ளம் அகலமானது, ஊசியும் வேறு. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அரக்கு கரைந்துவிடும், எனவே மென்மையான உலர்ந்த துணியோ தூரிகையோ போதும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள், கீழே விழுந்தால் கண்ணாடி போல உடையும். தட்டின் நடுவில் உள்ள தாளில் கிட்டப்பாவின் பெயரோ சுந்தராம்பாளின் பெயரோ தெரிந்தால், ஓட்டிப் பார்க்கும் முன் அதை ஒரு படம் எடுத்து வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். தட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.